மஞ்சள் பூசிக்கொள்ளும் பறவை

பாபநாசம் மலையில், காரையாற்றுக்கு மேலே, மலைக்குடியிருப்பு ஒன்றின் பாலர் வகுப்புச் சுவரில் நான் முதன்முதலாக வரைந்த பறவை டூக்கான். தென் அமெரிக்கக் காட்டில் வாழ்வது. அதை வரையச் சொல்லி யாரும் கேட்கவில்லை. "பறவை, மிருகம், பழம் எல்லாம் கலந்து பளிச்சுன்னு இருக்கட்டும்" என்று மட்டும்தான் வேலை கொடுத்தவர் சொன்னார். அம்பாசமுத்திரத்தில் ஒரு ஸ்டேஷனரிக் கடையில் வாங்கிய பறவைகள் சார்ட் கையில் இருந்தது. மக்காவ் கிளி, பென்குயின், நெருப்புக்கோழி, டூக்கான். நாலு படத்தில் டூக்கானின் மூக்குதான் எடுப்பாக இருந்தது. சார்ட்டில் கட்டம் போட்டு, சுவரிலும் கட்டம் போட்டு, பெரிதாக்கி, ஆரஞ்சு எனாமலை இரண்டு கோட்டிங் கொடுத்தேன்.

மதியம் சோற்றுத் தட்டோடு ஒரு சிறுமி பின்னால் வந்து நின்றாள். ஆறு வயது இருக்கும். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"மாமா, இது இருவாச்சியா?"

"இல்லம்மா. இது வேற."

"இருவாச்சிக்கு மூக்குக்கு மேல இன்னொரு மூக்கு உண்டும்லா? அத ஏன் போடல?"

"இது வேற நாட்டுப் பறவைம்மா. டூக்கான்னு பேரு."

அவள் சாப்பிட்டுக்கொண்டே யோசித்தாள். "அப்போ நம்ம இருவாச்சியை எங்க போட்டிருக்கீங்க?" என்றாள்.

எங்கும் போட்டிருக்கவில்லை. அந்தச் சுவரிலிருந்து இரண்டு மணி நேரம் நடந்தால் இருவாச்சி பறக்கிற காடு. நான் இருவாச்சியைப் பார்த்ததே இல்லை. அந்தப் பிள்ளை பார்த்திருக்கிறாள். ஆனாலும் சுவரில் எது இருக்கவேண்டும் என்று முடிவுசெய்தது நான். இது நடந்து பதினோரு வருடம் ஆகிறது. அவள் கேட்ட கேள்வியைத்தான் இன்றைக்கும் சுமந்துகொண்டு திரிகிறேன்.

என் தொழில் போர்டு எழுதுவது. பதினாறு வயதில் விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு அண்ணாச்சியிடம் வேலைக்குச் சேர்ந்தேன். ஆறு மாதம் பிரஷ் கழுவினேன், நூல் அடித்தேன், பிரைமர் பூசினேன். அப்புறம்தான் எழுத்து. கடைப் பலகை, லாரியின் பின்பக்கம், உரக்கம்பெனிச் சுவர் விளம்பரம், கோயில் கொடைக்கு வளைவு என்று எல்லாம் எழுதியிருக்கிறோம். பிறகு பிளக்ஸ் வந்தது. ஒரு ராத்திரியில் அச்சடித்துக் கட்டிவிடுகிறார்கள். எங்கள் வேலை பள்ளிக்கூடச் சுவருக்கும் ரேஷன் கடைச் சுவருக்கும் சுருங்கிப் போயிற்று. பள்ளிச் சுவர்களுக்குப் பறவை கேட்பார்கள். எந்த ஊர்ப் பள்ளியானாலும் அதே சார்ட், அதே பென்குயின். தாமிரபரணிக் கரையில் எத்தனை பென்குயின்களை வரைந்திருப்பேன் என்று கணக்கு இல்லை. அதற்காக இன்றைக்கும் வருத்தப்படுகிறேன்.

இத்தனைக்கும் இந்த மண்ணுக்குப் பறவையை எழுத்திலும் கோட்டிலும் பிடிக்கிற வழக்கம் புதிது இல்லை. காட்டுயிர் எழுத்தாளர் மா. கிருஷ்ணன் 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார். தன் கட்டுரைகளுக்குத் தானே படமும் வரைந்தார். அதற்கும் எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்னால் ஒரு புலவர் நாரையின் அலகைப் பார்த்துவிட்டு, பிளந்த பனங்கிழங்கு மாதிரி இருக்கிறது என்று பாடினார். தைப்பொங்கலுக்குப் பனங்கிழங்கு அவித்து, நடுவில் பிளந்து, நார் உரித்துத் தின்றவர்களுக்கு அந்த உவமை எவ்வளவு கச்சிதம் என்று தெரியும். நிறம், நீளம், கூர்மை மூன்றும் அதில் இருக்கிறது. பக்கத்தில் இருக்கிற பொருளைக் கொண்டு பக்கத்தில் இருக்கிற பறவையைச் சொன்ன ஊர் இது. எப்படி டூக்கானுக்கு வந்து சேர்ந்தோம் என்று யோசித்தால் எனக்கு ஆறவில்லை.

அதனால் முதலில் பார்க்கக் கற்றுக்கொள்வோம் என்று கிளம்பினேன். சைக்கிளில் போகிற தூரத்தில் இருக்கிறது திருப்புடைமருதூர். கடனா நதி தாமிரபரணியில் வந்து விழுகிற இடம். கோயிலைச் சுற்றியும் கரையிலும் பெரிய பெரிய மருத மரங்கள், அதில் கொக்கும் நீர்க்காகமும் வக்காவும் கூடு கட்டும். ஊர்க்காரர்கள் அந்தப் பறவைகளை யாரையும் தொட விட்டதில்லை. அவர்களே விரும்பிக் கேட்டு, 2005இல் அந்த இடம் பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. மொத்தமே மூன்று ஹெக்டேருக்கும் குறைவு. அங்கே நாறும்பூநாதர் கோயிலின் ஐந்து நிலைக் கோபுரத்துக்குள்ளே பழைய சுவரோவியங்கள் இருக்கின்றன. ஒருமுறை மேலே ஏறிப் பார்க்க வாய்த்தது. கோட்டில் ஒரு தயக்கம் கிடையாது. பார்த்துப் பழகிய கைதான் அப்படிப் போடும். கோபுரத்துக்கு உள்ளே அந்த ஓவியம், வெளியே மரத்தில் இத்தனை பறவை. கீழே இறங்கி மருத மரத்தடியில் நோட்டைத் திறந்தேன். பென்சில் ஓடவில்லை.

கொக்கின் காலைப் போடவே எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. நம் முழங்கால் முன்னால் மடங்கும், கொக்குக்குப் பின்னால் மடங்குகிறது என்று நினைத்துதான் அதுவரை போட்டுக்கொண்டிருந்தேன். உண்மையில் பின்னால் மடங்குகிற அந்த மூட்டு அதன் முழங்கால் இல்லை, கணுக்கால். முழங்கால் மேலே வயிற்று இறகுக்குள் மறைந்திருக்கிறது. கொக்கு எப்போதும் குதிகாலைத் தூக்கிக்கொண்டு விரலில்தான் நிற்கிறது. இது தெரிந்த பிறகு கொக்கு என் தாளில் நிற்க ஆரம்பித்தது. அதுவரை தாளில் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது.

கூந்தன்குளத்துக்கும் போனேன். நாங்குநேரி பக்கம். 1994இல் சரணாலயம் ஆன குளம். கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் குளத்து மரங்களில் மட்டும் இல்லாமல் ஊருக்குள் வீட்டுக் கொல்லைகளிலும் கூடு வைக்கும். அவற்றுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத ஊர். எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அங்கே சின்னப் பிள்ளை கூடச் சொல்லும். ஆனால் அந்த ஊர் அங்கன்வாடியில் எந்தப் படம் இருக்கிறது என்று போய்ப் பார்க்க எனக்கு அப்போது தைரியம் வரவில்லை.

மலைக்குத் திரும்பப் போனது ஒரு வருடம் கழித்து. பாபநாசம் சோதனைச் சாவடியில் அனுமதிக் கடிதத்தைக் காட்டி, காரையாறு பஸ்ஸில் ஏறினேன். இந்தப் பக்கமெல்லாம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். களக்காடு, முண்டந்துறை என்று தனித்தனியாக இருந்த இரண்டு சரணாலயங்களையும் 1988இல் சேர்த்தார்கள். தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் இதுதான். இந்த மலையின் பழங்குடிகளான காணிகளின் குடியிருப்புகள் சேர்வலாறு, சின்னமயிலாறு, பெரியமயிலாறு, இஞ்சிக்குழி என்று இதற்குள்ளே இருக்கின்றன. இஞ்சிக்குழிக்கு அணைத் தண்ணீரைப் படகில் கடந்து, அதற்கப்புறம் நடக்கவேண்டும். காப்பகம் என்ற சொல் வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பிருந்தே அவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

இருபத்திரண்டு அட்டைகள் கொண்டுபோயிருந்தேன். உள்ளங்கைக்குக் கொஞ்சம் பெரிய அட்டை. முன்பக்கம் பறவை. பின்பக்கம் ஒன்றும் கிடையாது, பெயர்கூட எழுதவில்லை. முதலில் மூட்டுக்காணியிடம் காட்டினேன். காணிகள் ஊர்த்தலைவரை அப்படித்தான் சொல்வார்கள். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். "பின்னால ஒண்ணும் எழுதலியே?" என்றார். "நீங்க சொல்லுங்க ஐயா, எழுதிக்கிடுதேன்" என்றேன். அவர் பதில் சொல்லாமல் அட்டைகளைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டார்.

அன்றைக்கு நடந்ததை மறக்கமாட்டேன். நான் வகுப்பு எடுக்கலாம் என்று போனவன். ஒரு மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்து என் தப்புகளை எழுதிக்கொண்டிருந்தேன்.

செம்போத்தின் காலில் மூன்று விரலை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் போட்டிருந்தேன், காக்கைக்குப் போடுகிற மாதிரி. எட்டு வயதுப் பையன் ஒருவன் தன் கைவிரலை இரண்டாகப் பிரித்துக் காட்டினான். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. "பின்னால உள்ளதுல ஒரு நகம் மட்டும் நீட்டமா இருக்கும், நேரா இருக்கும்" என்றான். ஊருக்கு வந்து பார்த்தேன். அவன் சொன்னதுதான் சரி. செம்போத்து எங்கள் வீட்டுக் கொல்லையிலேயே நடக்கிற பறவை. நாற்பது வருடமாகப் பார்க்கிறேன், காலைப் பார்த்ததில்லை.

மரகதப்புறாவுக்கு ஒரு பெரிய பிள்ளை குறை சொன்னாள். தமிழ்நாட்டின் மாநிலப் பறவை அது. பொது அறிவுப் புத்தகத்தில் எல்லோரும் படித்திருப்பார்கள், பார்த்தவர்கள் குறைவு. அவள் பள்ளிக்கு நடக்கிற பாதையில் தினமும் அது முன்னால் நடக்குமாம். "இவ்வளவு பச்சையா இருக்காது. நிழல்ல மண்ணு மாதிரி இருக்கும். பறக்கும்போதுதான் பச்சை தெரியும்" என்றாள். நான் ஒரு போட்டோவைப் பார்த்து வரைந்திருந்தேன். வெயில் நேராக அடித்தபோது எடுத்த போட்டோ. அந்தப் பறவையோ காட்டு நிழலில், தரையில், உதிர்ந்த விதையைப் பொறுக்கிக்கொண்டு வாழ்கிறது. அவள் கண்ட புறாவும் போட்டோக்காரர் கண்ட புறாவும் ஒன்றுதான். அவளுக்கான அட்டையில் அவளுடைய புறாதான் இருக்கவேண்டும். அதனால் அதே அட்டையில் இரண்டு போட்டேன்: கீழே நடக்கிற மங்கல் புறா, மேலே எழும்புகிற பச்சைப் புறா.

போட்டோ இருக்கும்போது ஏன் இன்னும் கையால் வரையவேண்டும் என்று என்னிடம் கேட்காதவர்கள் இல்லை. இதுதான் என் பதில். போட்டோ ஒரு நொடியைப் பிடிக்கும். பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் தெரிந்திருப்பது நொடி இல்லை, பழக்கம். அந்தப் பறவை எப்படி நடக்கும், எந்தக் கிளையில் உட்காரும், எதைத் தின்னும், எந்த மாதத்தில் குரல் மாறும் என்பதெல்லாம் ஒரு வாழ்நாளில் சேர்த்துவைத்தது. படத்தில் அதைச் சேர்க்கலாம், எடுக்கலாம், அழித்துவிட்டு மறுபடி போடலாம். இன்னொன்றும் உண்டு. போட்டோவைக் காட்டினால் "நல்லா இருக்கு" என்பார்கள். பென்சில் படத்தைக் காட்டினால் "இங்க தப்பு" என்பார்கள். எனக்கு வேண்டியது இரண்டாவதுதான்.

இருவாச்சிக்கு வருகிறேன்.

அதை அட்டையில் போட மனம் வரவில்லை. நிஜ அளவில் போடவேண்டும் என்று நினைத்தேன். மலை இருவாச்சி மூக்கிலிருந்து வால் வரை ஏறத்தாழ ஒரு மீட்டர், இறக்கையை விரித்தால் ஒன்றரை மீட்டர். ஆறு சார்ட் பேப்பரைப் பின்னால் டேப் போட்டு ஒட்டி, பறக்கிற மாதிரி வரைந்து சுருட்டிக் கொண்டுபோனேன். தரையில் விரித்ததும் பிள்ளைகள் அதன்மேல் குனிந்து கையை நீட்டி அளந்தார்கள். ஒருத்தி பக்கத்தில் படுத்துப் பார்த்தாள். இறக்கை அவள் கையைவிட நீளம். "இது பறந்தா சத்தம் கேட்கும்" என்றான் ஒருவன். எப்படிக் கேட்கும் என்றேன். சொளகை வைத்து வேகமாக வீசிக் காட்டினான். வுஸ், வுஸ், வுஸ். அதற்கப்புறம் ஒரு நாள் இஞ்சிக்குழிப் பாதையில் நானே கேட்டேன். முதலில் சத்தம், அப்புறம்தான் பறவை. சொளகேதான்.

கூட்டத்துக்குப் பின்னால் ஒரு ஆச்சி உட்கார்ந்திருந்தார். வெற்றிலையை மென்றுகொண்டு ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் கலைந்த பிறகு பைய எழுந்து வந்து, படத்தின் கழுத்தில் விரலை வைத்தார்.

"இந்த மஞ்சளை எதுக்குப் போட்டே?"

"அதுக்கு அந்த நிறம்தானே ஆச்சி?"

"அதுக்கு அங்க வெள்ளைதான். அது மஞ்சள் பூசிக்கிடும்."

எனக்குப் புரியவில்லை. அவர் தன் தலையைத் திருப்பி, கன்னத்தையும் கழுத்தையும் பின்பக்கமாக இடுப்பை நோக்கித் தேய்த்துக் காட்டினார். வாலுக்கு மேலே ஒரு எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. அதில் மூக்கையும் தலையையும் தேய்த்துத் தேய்த்து அந்த எண்ணெயை இறகில் பூசிக்கொள்ளும். கழுத்தின் மஞ்சளும், இறக்கைப் பட்டையில் படிகிற மஞ்சளும், மூக்கின் மேலுள்ள அந்தத் தொப்பியின் மஞ்சளும் அதில் வருவதுதான். பறவை நூல்களிலும் இதுதான் இருக்கிறது, அப்புறம் தேடிப் படித்தேன். ஆச்சி எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

இருபத்தைந்து வருடம் பெயிண்ட் கலக்கியவன் நான். ஒரு பறவை சாயம் பூசிக்கொள்கிறது என்று என்னிடம் ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும்? அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. நான் போட்ட மஞ்சள் எங்கும் ஒரே சீராக, கடைப் பலகைக்குப் பூசின மாதிரி இருந்தது. பூசிக்கொள்கிற மஞ்சள் அப்படி இருக்காது. தேய்க்கிற இடத்தில் அழுத்தமாக, எட்டாத இடத்தில் மங்கலாக, ஓரத்தில் வெள்ளையோடு கலந்து கரையும். பெண்பிள்ளைகள் மஞ்சள் தேய்த்துக் குளித்து வந்தால் காதோரத்தில் கொஞ்சம் விட்டுப்போயிருக்குமே, அது மாதிரி. ஊருக்கு வந்து முழுப்படத்தையும் திரும்ப வரைந்தேன். முதலில் கழுத்து முழுக்க வெள்ளை. காயவிட்டு, அதன்மேல் மஞ்சளை எண்ணெயில் இளக்கி, பிரஷை எடுக்காமல் விரலால் தேய்த்தேன். என் தொழிலில் நான் செய்த ஆகச் சரியான வேலை என்று அதைத்தான் சொல்வேன்.

அடுத்த தடவை கொண்டுபோனபோது ஆச்சி பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். பிறகு கண்ணைத் தொட்டார். "இது ஆணா, பொண்ணா?" சிவப்புக் கண் போட்டிருந்தேன். ஆணுக்குத்தான் சிவப்பு. பெண்ணுக்கு வெளிறின வெள்ளைக் கண். அதை இந்தத் தடவை படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். "ஆண் ஆச்சி" என்றேன். "பொண்ணு எங்க?" என்றார். "பொந்துக்குள்ள இருக்கு" என்றேன். ஆச்சி சிரித்தார். அந்த ஒரு சிரிப்புக்காக ஆறு மாதம் நடந்திருக்கிறேன்.

பொந்துக்குள் இருக்கிற பெண்ணைத்தான் அடுத்து வரைந்தேன். வெளியே நிற்கிற கேமராவுக்கு இது கிடைக்காது. பெரிய மரத்தின் பொந்துக்குள் பெண் பறவை நுழைந்து, தன் எச்சத்தையும் மற்றதையும் குழைத்து வாசலை அடைத்துக்கொள்ளும். ஒரு வெடிப்பு மட்டும் விட்டிருக்கும், மூக்கு நுழைகிற அளவுக்கு. ஆண் அத்திப்பழமும் ஆலம்பழமும் தொண்டைக்குள் அடக்கிக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக மேலே எடுத்து ஊட்டும். மூன்று மாதத்துக்கு மேல் அந்தச் சிறைதான். உள்ளே பெண்ணுக்குப் பெரிய இறகுகள் உதிர்ந்து திரும்ப முளைக்கும். அந்தச் சமயத்தில் ஆணை யாராவது அடித்துவிட்டால் உள்ளே இருக்கிற தாயும் குஞ்சும் பட்டினியில் சாகவேண்டியதுதான். மரத்தைப் பாதியாக அறுத்துப் பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படிப் போட்டேன். ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல இந்த ஒரு படம் போதும். பெரிய மரம் ஏன் வேண்டும், அத்தி ஏன் வேண்டும், ஒரு பறவையைச் சுட்டால் எத்தனை உயிர் போகும் என்று தனித்தனியாகச் சொல்லவேண்டியதே இல்லை. மலைப் பிள்ளைகளுக்கு இதில் புதிது ஒன்றுமில்லை. அவர்களுக்குப் புதிதாக இருந்தது, இது பள்ளிக்கூடத்துக்குள்ளே ஒட்டியிருந்ததுதான்.

இதைச் சொல்லும்போது அந்தச் சுவர் வாசகம் ஞாபகம் வருகிறது. டூக்கான் வரைந்த அதே வருடம், அதே கட்டடத்தில், "காடுகளைக் காப்போம்" என்று மூன்றடி உயரத்துக்கு எழுதியிருந்தேன். வேலை கொடுத்தவர் தந்த வாசகம். பிற்பாடு மூட்டுக்காணியோடு பழக்கம் ஆனபிறகு, ஒருநாள் அந்தச் சுவர் முன்னால் நின்றார். "இத நீ பாபநாசத்துல எழுதியிருக்கணும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பாபநாசம் படித்துறையில் பரிகாரம் என்று ஆற்றில் விட்டுப் போகிற துணி குப்பைகுப்பையாகக் கிடக்கிறது. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் கூட்டம் வந்துபோன பிறகு காட்டில் கிடக்கிற பிளாஸ்டிக்கை அவர் பார்த்திருக்கிறார். கொண்டுவந்து போட்டது யார், காப்போம் என்று யாருக்குப் பாடம் சொல்கிறோம்? நான் வெள்ளையடித்து அந்த வாசகத்தை அழித்தேன். காட்டைக் காப்பது பற்றிய கல்வி என்று மலைக்கு எதைக் கொண்டுபோனாலும் இப்போது முதலில் இதைத்தான் யோசிக்கிறேன்: இது அவர்கள் கற்கவேண்டியதா, அவர்களிடமிருந்து கீழே இருக்கிற நாம் கற்கவேண்டியதா?

அதனால் அட்டைகள் இப்போது கீழ்நோக்கியும் வருகின்றன. மலைப் பிள்ளைகள் திருத்திய படங்களை, அவர்கள் சொன்ன வாசகத்தோடு, ஆற்றோரத்து இரண்டு மூன்று பள்ளிகளில் மாட்டியிருக்கிறோம். மரகதப்புறாவுக்குக் கீழே "பாதையில் முன்னால் நடக்கும். விரட்டாதீங்க, தானா விலகும்" என்று இருக்கும். வயல்காட்டுப் பிள்ளைகள் பதிலுக்கு நத்தைகுத்தி நாரையை வரைந்து அனுப்பினார்கள். மூக்கை மூடினாலும் நடுவில் ஒரு சந்து விட்டிருக்கும் பறவை. அந்தச் சந்தைச் சரியாகப் போட்டிருந்தார்கள். மலைப் பிள்ளைகள் அதை வாங்கி வெகுநேரம் சந்தேகப்பட்டார்கள். மூக்கு உடைந்துபோனதை வரைந்திருக்கிறார்கள் என்று ஒருவன் சாதித்தான்.

பெயர் விஷயம் தனி. பறவைகளுக்குக் காணிகளின் பேச்சில் உள்ள பெயர்களைக் குடியிருப்பின் பெரியவர்கள் சொன்னார்கள், பிள்ளைகள் தங்கள் கையாலேயே அட்டையின் பின்பக்கம் எழுதினார்கள். அந்தப் பெயர்களை இங்கே நான் எழுதவில்லை. வெளியே கொடுக்கலாமா என்று கூடிப் பேசினார்கள். இப்போதைக்கு வேண்டாம், எங்கள் பிள்ளைகள் முதலில் படிக்கட்டும் என்று முடிவெடுத்தார்கள். எனக்கு அது நியாயமாகப் பட்டது. இதே அகத்தியமலையின் கேரளப் பக்கத்தில் 1987இல், ஆராய்ச்சியாளர்களோடு வழிகாட்டியாகப் போன காணிகள் ஒரு சின்னச் செடியின் காயைத் தின்றுகொண்டு களைப்பில்லாமல் மலை ஏறினார்கள். தயங்கித் தயங்கித்தான் அந்தச் செடியைக் காட்டினார்கள். ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து மருந்து செய்யப்பட்டது, வருமானத்தில் காணிகளுக்குப் பங்கு என்று ஏற்பாடு ஆயிற்று, 1997இல் அதற்கென்று ஒரு அறக்கட்டளையும் வந்தது. உலகமே அதை முன்மாதிரி என்று பேசியது. ஆனால் வெளியாட்களிடம் சொல்லியிருக்கலாமா கூடாதா என்று அவர்களுக்குள்ளேயே மனத்தாங்கல் உண்டாயிற்று. ஒரு செடிக்கே அப்படி என்றால், பெயர் மட்டும் என்ன இலேசு? நான் வரைந்தேன் என்பதற்காகப் படத்தின் பின்பக்கம் எனக்குச் சொந்தமாகிவிடாது.

பெயர் என்றதும் இன்னொரு பறவை. மேலே, உயரத்துச் சோலைகளில் ஒரு சின்னப் பறவை. சாண் அளவு இருக்காது. மேலெல்லாம் கருநீலம், அடிவயிறு வெள்ளை. ஓடை ஓரத்து இருட்டில் தரையோடு தரையாகத் தத்தும். சோலைக்கிளி என்கிறார்கள், கிளி இனம் இல்லை. மேற்குத்தொடர்ச்சி மலையைக் குறுக்கே வெட்டுகிற பாலக்காட்டுக் கணவாயும் செங்கோட்டைக் கணவாயும் இந்தச் சோலைப் பறவைகளை வெகுகாலம் பிரித்து வைத்ததில், ஒவ்வொரு பக்கமும் வேறு வேறாகிவிட்டிருக்கின்றன. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே இருப்பது தனி இனம் என்று 2017இல்தான் அறிவியல் பெயர் வைத்தார்கள். இந்தத் தென்கோடி மலைகளை அசம்பு மலை என்பார்கள், அந்தப் பெயரே அதன் பெயரில் இருக்கிறது. உலகத்தில் வேறெங்கும் கிடையாது, நம் தலைக்கு மேலே இந்த உச்சிகளில் மட்டும்தான். திருநெல்வேலி ஜங்ஷனில் நின்று மேற்கே பார்த்தால் தெரிகிற அந்த நீல மலையில் இருக்கிறது. இதற்கு ஒரு சார்ட் கிடையாது, ஒரு நோட்டு அட்டை கிடையாது. இதை நினைத்தால் எனக்குப் படபடப்பாக இருக்கிறது. எத்தனை பள்ளிச் சுவர் சும்மா கிடக்கிறது!

நான் அதை இன்னும் கண்ணால் பார்க்கவில்லை, அதனால் வரையவும் இல்லை. மேலே தோட்டத்தில் வேலை பார்த்த ஒரு பெரியவர் பார்த்திருக்கிறார். அது வாலை எப்படி வைக்கும் என்று கேட்டதற்கு, யோசித்துவிட்டு, "கேட்கத்தான் அதிகம் கேட்டிருக்கேன். பாத்தது கொஞ்சம்" என்றார். குரலை விசிலில் செய்து காட்டினார். அதை எப்படி வரைவது என்று தெரியாமல் நோட்டில் மேலும் கீழுமாக ஒரு கோடு மட்டும் போட்டுவைத்திருக்கிறேன்.

டூக்கான் இருந்த சுவரை போன சித்திரையில் சுரண்டினோம். எனாமல் லேசில் வரவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்க்க இரண்டு நாள். அந்தக் கேள்வி கேட்ட பிள்ளை இப்போது கீழே விடுதியில் தங்கிப் படிக்கிறாள். லீவுக்கு வந்திருந்தாள், வாளியில் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். அந்த நாள் அவளுக்கு ஞாபகம் இல்லை. நான் சொன்னதும் வெட்கப்பட்டாள். சுவரில் நிஜ அளவு இருவாச்சி, இடது பக்கம் பொந்து, வெடிப்பில் பெண்ணின் மூக்கு நுனி மட்டும். கழுத்து மஞ்சளை நான் தொடவில்லை. வெள்ளை காய்ந்ததும் ஆச்சியைக் கூட்டிவந்து நாற்காலி போட்டு ஏற்றினோம். ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். மஞ்சள் பெயிண்டில் இரண்டு விரலை முக்கி, தன் கன்னத்தில் தேய்ப்பதுபோலவே மெதுவாகத் தேய்த்தார். ஓரத்தில் கொஞ்சம் விட்டார். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

இந்த வாரம் மேலேயிருந்து வந்த பஸ்ஸில் ஒரு கவர் கொடுத்துவிட்டிருந்தார்கள். காட்டுக்கோழிச் சேவல் அட்டை திரும்பி வந்திருக்கிறது. அதன் கழுத்து இறகுகளில் மெழுகுச் சொட்டு மாதிரி இருக்கிற புள்ளிகளைப் போட நான் நாலு நாள் எடுத்திருந்தேன், பூதக்கண்ணாடி வைத்து. அவற்றுக்கு ஒரு குறையும் இல்லை. காலைச் சுற்றிப் பென்சிலில் ஒரு வட்டம். பக்கத்தில் சின்ன எழுத்தில், "சேவலுக்கு முள் எங்க மாமா?"

காய்ந்த பெயிண்டின்மேல் போட முடியாது. புது அட்டை வெட்டிவைத்திருக்கிறேன்.